மாயூரம் முன்சீப் வேதநாயகர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாவட்ட முன்சீப் என்பவர் சிற்றூர் மக்களின் கண்ணுக்கு ஒரு குறுநில மன்னரைப் போலவே தோன்றினார். நிலமும் மனையும் எவர்க்கு உரியவை என்று அறுதியிடும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. அவரை அணுக அஞ்சியோர் பலர்; கையில் பொருளோடு அணுகியோரும் பலர். அத்தகைய பதவியில் பல்லாண்டுகள் அமர்ந்திருந்தும் எளியோர்க்கு எளியராய் வாழ்ந்தவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

இவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. அன்னையார் ஆரோக்கிய மரியம்மை. கத்தோலிக்க நெறியில் ஊன்றிய குடும்பம் அது. திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை என்பவரிடம் வேதநாயகர் தமிழும் ஆங்கிலமும் கற்றார். பின்னர் அந்நீதிமன்றத்திலேயே ஆவணக் காப்பாளராய்ப் பணி ஏற்று, மொழிபெயர்ப்பாளராய் உயர்ந்தார். 1857ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். அடுத்துச் சீர்காழியிலும், அதன்பின் மாயூரத்தில் 13 ஆண்டுகளும் அப்பதவியை வகித்தார். இந்நாளில் மயிலாடுதுறை என வழங்கும் அவ்வூரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

நீதிமன்றத்தில் அவர் கண்ட குறைகள் இரண்டு. ஒன்று, கைக்கூலி. மற்றொன்று, வழக்காட வந்த ஏழைக்குச் சட்டத்தின் மொழி புரியாமை. முதற் குறையைக் கண்டித்து, 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நீதி நூலில்' பாடல்கள் இயற்றினார். இரண்டாவதைக் களைய அவர் மேற்கொண்ட முயற்சி இன்னும் அரியது. 1805 முதல் 1861 வரை வெளிவந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்துத் தொகுத்து, 1862ஆம் ஆண்டில் நூலாக்கினார். நாள் முழுதும் வழக்குகளைக் கேட்டுக் களைத்த ஒருவர், ஓய்வு நேரத்தில் மீண்டும் சட்ட ஏடுகளையே புரட்டுவது எளிதன்று. தன் வழக்கின் நெறியைத் தானே படித்தறிய ஏழைக்கு வழி செய்தல் வேண்டும் என்னும் பரிவு இல்லையேல், அப்பணி நிறைவேறியிராது.

அவர் வாழ்ந்த காலம் சமயப் பூசல் மிகுந்த காலம். கிறித்தவர் சைவத்தைப் பழித்தும், சைவர் கிறித்தவத்தை மறுத்தும் கண்டன நூல்கள் அச்சேறின. ஒரு தரப்பார் எழுதிய ஏட்டின் மை உலருமுன் மறு தரப்பாரின் மறுப்பு வெளிவரும். ஒரே தெருவில் வாழ்ந்தோரும் ஒருவரை ஒருவர் ஐயுற்று நோக்கினர். இத்தகைய சூழலிலேதான் வேதநாயகர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோடு நெருங்கிய நட்புப் பூண்டார். மகாவித்துவானோ நாள்தோறும் திருநீறு துலங்கச் சிவத்தலங்களுக்குப் புராணம் பாடிவந்த பெரும்புலவர். முன்சீப்பாகிய வேதநாயகரோ தேவமாதா அந்தாதியும் திருவருள் மாலையும் பாடிய கத்தோலிக்கர். எனினும், மகாவித்துவான் தம் நண்பரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் 'குளத்துக் கோவை' என்னும் நூலையே இயற்றினார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரை வேதநாயகர் பாடல்களால் போற்றினார். தேசிகரும் அவரைப் பெரிதும் மதித்தார். இவற்றை மகாவித்துவானின் மாணவராகிய உ. வே. சாமிநாதையர் தம் நூல்களில் எழுதிவைத்துள்ளார்.

இந்நட்பிற்காக எவரும் தம் கொள்கையை மறைத்தாரல்லர். மகாவித்துவான் இறுதி வரை சைவர். வேதநாயகர் இறுதி வரை கத்தோலிக்கர். கொள்கையில் உறுதியற்றவரே பிறர் கொள்கையைப் பொறுப்பர் என எண்ணுவாருக்கு, இவ்விருவர் வாழ்க்கையும் விளங்காப் புதிராகவே தோன்றும்.

1876ஆம் ஆண்டில் மழை பொய்த்தது. அவ்வாண்டு தமிழ்க் கணக்கில் தாது ஆண்டு. ஆதலின் பின்வந்த கொடுமையைத் தாது வருடப் பஞ்சம் என்றே மக்கள் வழங்கினர். 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் 50 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடுவர். பெல்லாரி, கடப்பை, கர்நூல் போன்ற வறண்ட மாவட்டங்களே பெரிதும் அழிந்தன. காவிரி பாயும் தஞ்சை நாடு அவற்றைப் போல் முற்றும் வாடவில்லை. ஆயினும், நெல் விளைந்த நாட்டிலும் அதனை வாங்கும் ஆற்றல் கூலியாளுக்கு இல்லாது போயிற்று. தானியத்தின் விலை ஏறிக்கொண்டே சென்றது, வேலையோ அருகியது. அரசினரின் உதவியும் போதியதாக இல்லை. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பஞ்ச நிவாரண வேலையில் நாள் முழுதும் உழைத்தவனுக்கும் ஓர் இராத்தல் தானியமும் சிறிது காசுமே கூலி என வரையறுத்தனர். மண் சுமந்த உடலுக்கு அது காணுமா? காணாது என மருத்துவரே எதிர்த்துரைத்த பின்னர்தான் அக்கூலி உயர்த்தப்பட்டது.

அப்போது வேதநாயகர் ஐம்பது வயதைக் கடந்தவர். முன்சீப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பதவியில் இருப்பவர் கொடுத்தால், அடுத்த திங்கள் மீண்டும் ஊதியம் வரும். ஓய்வு பெற்றவர்க்கோ சேர்த்த பொருளே முதுமைக்குத் துணை. அப்பொருளை எடுத்து அவர் கஞ்சித் தொட்டிகள் அமைத்தார். பசியோடு வந்தவர்க்குக் கஞ்சி வார்க்கப்பட்டது. இன்று கொடுத்தால் நாளையும் வருவார்கள். நாளை ஒருவனாக வந்தவன் மறுநாள் சுற்றத்தோடு வருவான். கணக்கறிந்த நீதிபதிக்கு இஃது தெரியாததன்று. தெரிந்தே அவர் தம் உடைமையையெல்லாம் செலவிட்டார்.

பசித்தவனுக்கு இட்ட உணவு தமக்கே இட்ட உணவாகும் என்பது இயேசுபெருமான் கற்பித்த நெறி. வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைத் தூக்கி எடுத்த அயல் இனத்தானின் கதையும் அப்பெருமான் உரைத்ததே. அக்கதையில், உதவியவன் அடிபட்டவனுடைய குலத்தையும் வழிபாட்டையும் உசாவவில்லை. வேதநாயகர் இக்கதையைச் சிறு பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர். மாயூரத்தின் கஞ்சித் தொட்டியருகே நின்றவர்களிலோ பெரும்பாலார் அவர் சமயத்தினர் அல்லர்.

உணவளித்ததோடு அவர் அமையவில்லை. மழை வேண்டியும், மக்கள் படும் துயரை எடுத்துரைத்தும் இறைவனை நோக்கிக் கீர்த்தனைகள் பாடினார். 1878ஆம் ஆண்டில் அவருடைய 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' வெளிவந்தது. இதில் இறைவனை எந்த ஒரு சமயத்திற்கும் உரிய பெயரால் அழைக்காது, அனைவர்க்கும் பொதுவான தந்தையாகவே விளித்தார். கோயிலுக்குச் செல்வோரும் தேவாலயத்திற்குச் செல்வோரும் பள்ளிவாசலுக்குச் செல்வோரும் தயக்கமின்றிப் பாடத்தக்க பாடல்கள் அவை. தம் சமயத்தார்க்கெனச் 'சத்திய வேதக் கீர்த்தனை'யைத் தனியே இயற்றியவர்தாம் இதனையும் இயற்றினார் என்பது நினைவுகூரத்தக்கது.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அந்நாளில் மாயூரப் பகுதியில் வாழ்ந்தார். சிவனடியல்லது வேறொன்றும் எண்ணாத துறவுள்ளம் படைத்தவர் அவர். செல்வரைப் பாடிப் பரிசில் பெறும் வழக்கம் அவரிடம் இல்லை. அத்தகையவர் வேதநாயகரின் பஞ்ச காலத்துக் கொடையைக் கண்டு நெஞ்சுருகி, அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். கிறித்தவர் ஒருவர் மீது சிவபக்தர் பாடிய அப்பாட்டு, மாயூரத்து மக்கள் கண்ணாரக் கண்டதற்குச் சான்றாய் நின்றது.

மாயூரம் நகரசபையின் தலைவராகவும் வேதநாயகர் பணியாற்றினார். பெண்கள் கல்வி பெறவேண்டும் என்று 'பெண்மதி மாலை'யில் வற்புறுத்தினார். 1879ஆம் ஆண்டில், பஞ்சத்தின் வடு ஆறுமுன்னரே, அவருடைய 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சாயிற்று. தமிழில் தோன்றிய முதல் நாவல் அதுவே. அதன் தலைவி ஞானாம்பாள் ஆணுடை தரித்து அரசாளும் பகுதியைப் படிப்போர், நீதிமன்றத்தில் தாம் செய்ய விரும்பியதையெல்லாம் ஆசிரியர் அவள் வாயிலாகச் செய்து பார்க்கிறார் என உணர்வர். வழக்குகள் தமிழிலேயே நடத்தப்படவேண்டும் என்ற தம் நெடுநாளைய கருத்தையும் அந்நூலில் விரித்துரைத்தார். 'சுகுண சுந்தரி' என்னும் இரண்டாம் நாவல் 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது.

1889ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21ஆம் நாள் வேதநாயகர் இயற்கை எய்தினார். அவர் இயற்றிய சமரசக் கீர்த்தனைகள் பின்னர் இசையரங்குகளில் இடம்பெற்றன. பாடியவர் கிறித்தவர் என்பதை அறியாமலே அவற்றைக் கேட்டுக் கைகூப்பியோர் பலர்.