காந்திக்கே பில் பாஸ் பண்ணாத ஆடிட்டர்: யார் இந்த ஜே.சி.குமரப்பா?

காலையில் ஓசூர் - கெலமங்கலம் சாலையில் நின்றால், ஒரு பக்கம் கம்பெனி பஸ்கள் போகும். இன்னொரு பக்கம் தக்காளியும் ரோஜாவும் ஏற்றிய மினி லாரிகள். நடுவில் இருக்கும் கிராமங்களில் அரசுப் பள்ளிச் சுவரிலும் குடிநீர்த் தொட்டியிலும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் லோகோவைப் பார்க்கலாம். எல்லாம் சிஎஸ்ஆர் நிதி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பாதிக்கும் நிறுவனங்கள் கடைசி மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்.

இதனால் ‘டெவலப்மென்ட் செக்டார்’ இன்று ஒரு கரியர். எம்பிஏ, சிஏ முடித்தவர்கள்கூட ஐடி வேலையை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வருகிறார்கள். கிட்டத்தட்ட நூறு வருஷத்துக்கு முன்பே இந்த ரூட்டைப் பிடித்தவர் தஞ்சாவூர்க்காரரான ஜே.சி.குமரப்பா. அவர் கையில் இருந்தது கணக்குப் புத்தகம்தான்.

லண்டன், பம்பாய், நியூயார்க்

1892 ஜனவரி 4-ல் தஞ்சாவூரில், ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். 1912-ல் லண்டன் போய் கணக்கியல் படித்தார். திரும்பி வந்து பம்பாயில் சொந்தமாக ஆடிட்டிங் நிறுவனம் நடத்தினார். கோட், சூட், நல்ல வருமானம் என்று செட்டிலான வாழ்க்கை.

1927-ல் அமெரிக்கா போனார். சிராக்யூஸில் ஒரு பட்டம், பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம். அங்கே அவர் இந்தியாவின் வறுமை பற்றி ஒரு உரையாற்ற, அந்தச் செய்தியைப் பார்த்த பேராசிரியர் செலிக்மன் அதையே ஆய்வாக எடுக்கச் சொன்னார். (அம்பேத்கருக்கும் கொலம்பியாவில் வழிகாட்டியவர் இதே செலிக்மன்தான்.) பிரிட்டிஷ் இந்தியாவின் பட்ஜெட்டை ஒரு ஆடிட்டரின் கண்ணோடு படித்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ராணுவம், நிர்வாகம், கடன் வட்டி என்று பணம் போய்விடுகிறது. வரி கட்டியவனுக்குப் பள்ளியாகவோ மருத்துவமனையாகவோ திரும்பி வருவது சொற்பம்.

அவரை மாற்றியது பரிதாபம் இல்லை, இந்தக் கணக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1929-ல் ஊர் திரும்பியதும் குடும்பப் பெயரான குமரப்பாவுக்கு மாறினார். அதே ஆண்டு மே 9-ல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். ஆய்வைத் தன் ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளியிட ஒப்புக்கொண்ட காந்தி, கையோடு ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத்தின் மாதர் தாலுகாவில் கிராமக் கணக்கெடுப்பு. குமரப்பாவுக்கு குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களை வைத்துக்கொண்டு 54 கிராமங்களில் வீடு வீடாக வரவு செலவு கேட்டார். நிலவரி விவசாயியை எப்படி அழுத்துகிறது என்பது எண்களாகவே வெளியே வந்தது. இன்று எந்த என்ஜிஓ வேலையும் ‘பேஸ்லைன் சர்வே’ இல்லாமல் தொடங்குவதில்லை இல்லையா? அதைத்தான் அவர் 1929-30-ல் செய்தார்.

பீகாரில் 3 அணா

1934 ஜனவரி 15-ல் பீகாரில் பெரும் பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவுக்கு நாடு முழுவதிலிருந்தும் பணம் குவிந்தது. கணக்கைப் பார்க்க குமரப்பா வந்தார். தொண்டர் ஒருவருக்கு ஒரு நாள் செலவு 3 அணாவுக்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தார்.

அப்போது காந்தி தன் குழுவோடு பீகார் வந்தார். அவர்கள் சாப்பாடு, பெட்ரோல் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று காந்தியின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா சொல்லிவிட்டார். விஷயம் காந்தியிடம் போனது. பாதிக்கப்பட்டவர்களுக்காக வந்த பணம் இது என்பதே பதில். காந்தி ஏற்றுக்கொண்டார். நிவாரணப் பணியில் அட்மின் செலவு எவ்வளவு என்று இன்றைக்கும் நாம் கேட்கிறோமே, அதுதான் அங்கே பிரச்சினை.

செக்கு எதற்கு?

1934 டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியது. தலைமையிடம் வார்தா; செயலாளர் குமரப்பா. செக்கு எண்ணெய், கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, புகையில்லா அடுப்பு என்று ஒவ்வொன்றிலும் பரிசோதனை நடந்தது.

மரச்செக்கு எண்ணெயை இன்று ‘ஹெல்தி’ என்று வாங்குகிறோம். குமரப்பாவின் கவலை அது மட்டும் இல்லை. கடலை ஊரை விட்டு மில்லுக்குப் போனால், எண்ணெய் விலை கூடித் திரும்பி வரும். பிண்ணாக்கு வராது. மாட்டுக்குத் தீவனம் போச்சு, செக்காட்டியவருக்கு வேலையும் போச்சு. ஆக, ஒரு பொருள் ஊரை விட்டுப் போகும்போது கூடவே என்னென்ன போகிறது என்பதே அவர் கேள்வி.

1942 போராட்டத்தில் கைதாகி, ஜபல்பூர் சிறையில் ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ எழுதினார். நிலைத்து நிற்கும் பொருளாதாரம் என்று புரிந்துகொள்ளலாம். அதில் இயற்கையிலிருந்தே ஐந்து வகைப் பொருளாதாரங்களைக் காட்டுகிறார். தாங்கும் மரத்தையே உறிஞ்சும் ஒட்டுண்ணி. நடாத மாமரத்தில் பழம் பறிக்கும் குரங்கு. தானே கூடு கட்டும் பறவை. கூட்டத்துக்காகச் சேர்க்கும் தேனீ. கடைசியில், பிரதிபலன் பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டும் தாய்ப் பறவை. நிலத்தில் முதலில் அந்தப் பகுதி மக்களுக்கான சத்தான உணவு விளையட்டும், சந்தைப் பயிர் அப்புறம் என்றும் வாதிட்டார். விலை சரிந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டிய விவசாயியைப் பார்த்த கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எல்லோரும் ஒத்துக்கொண்டார்களா?

இல்லை. 1938-ல் அமைந்த தேசியத் திட்டக் குழுவுக்கு நேரு தலைவர். கனரகத் தொழிலை நோக்கி அது போனதால் குமரப்பா சில மாதங்களிலேயே விலகினார். கிராமத்தைப் பற்றிய உயர்வான பேச்சை அம்பேத்கர் 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் கடுமையாக மறுத்தார். சாதி ஒடுக்குமுறை நடக்கும் இடம் அது என்பது அவர் வாதம். இதற்கு குமரப்பாவின் எழுத்தில் முழுமையான பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் நில விஷயத்தில் அவர் வழவழா இல்லை. அவர் தலைமையிலான காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழு 1949-ல், உழுபவருக்கே நிலம், உச்சவரம்பு வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது.

திருமணம் செய்துகொள்ளவில்லை. கடைசிக் காலம் மதுரைப் பக்கம் தே.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழிந்தது. 1960 ஜனவரி 30, காந்தி நினைவு நாளன்று சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் இறந்தார். அதன் பிறகு, உலகம் முழுக்க டெவலப்மென்ட் மாணவர்கள் படிக்கும் ‘ஸ்மால் ஈஸ் பியூட்டிஃபுல்’ 1973-ல் வந்தது. அதில் பௌத்தப் பொருளாதாரம் பற்றிய அத்தியாயத்தில், வேலை மனிதனுக்கு என்ன செய்கிறது என்று சொல்ல ஷுமாக்கர் துணைக்கு அழைப்பது இந்தத் தஞ்சாவூர் ஆடிட்டரைத்தான்.