லிஃப்ட் வேண்டாம், பாதை போதும்: 'ஜாக்ராபிட்' யோஹான்சென் யார்?

பனிச்சறுக்கு என்றதும் உங்கள் மனசில் என்ன வருகிறது? லிஃப்ட்டில் மலை உச்சிக்குப் போய், அங்கிருந்து சர்ரென்று கீழே இறங்குவதுதானே? இன்ஸ்டாகிராமில் நாம் பார்ப்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

அது ஒரு வகை. நார்டிக் பனிச்சறுக்கு வேற கதை. அதில் கால்விரல் பக்கம் மட்டும்தான் கட்டையோடு பிணைந்திருக்கும். குதிகால் சுதந்திரமாக எழும்பும். அதனால் நடப்பது மாதிரியே மேட்டில் ஏறலாம், காட்டுக்குள் போகலாம், உறைந்த ஏரியைக் கடக்கலாம். லிஃப்ட் தேவையில்லை. ஆனால் பாதை தேவை.

அந்தப் பாதையை யார் போடுவது? அது யாருடைய நிலத்தில் போகும்? கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மோன்ட்ரியாலுக்கு வடக்கே உள்ள லோரன்ஷியன் மலை ஊர்களில் இன்றும் இதுதான் கேள்வி. அங்கே போய் இதைப் பற்றிப் பேசினால், கொஞ்ச நேரத்தில் ஒரு பெயர் வந்துவிடும். ஹெர்மன் ஸ்மித்-யோஹான்சென். ஊர் கூப்பிட்ட பெயர் ஜாக்ராபிட். அதாவது, தாவி ஓடும் முயல்.

முயல் என்ற பெயர் எப்படி வந்தது?

யோஹான்சென் 1875-ஆம் ஆண்டு நார்வேயின் ஹோர்ட்டன் நகரில் பிறந்தார். அந்தக் கால நார்வேயில் ஸ்கீ என்பது விளையாட்டு மட்டும் இல்லை, போக்குவரத்தும்கூட. பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமா, கட்டையை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஜெர்மனியின் பெர்லினில் பொறியியல் படித்துவிட்டு அமெரிக்கா போனார். கிளீவ்லாந்து நகரில் கனரக இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை. கனடாவின் வடபகுதிகளில் அப்போது ரயில் பாதைகள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே இயந்திரம் விற்க இவரை அனுப்பினார்கள்.

ரயில் வேலை நடக்கும் இடங்களுக்கு ஸ்கீயில்தான் போய்வந்தார். அந்தக் காட்டில் வாழ்ந்த கிரீ பூர்வகுடியினர் அகலமான பனிக்காலணி போட்டு நடப்பவர்கள். நீளமான இரண்டு கட்டைகளில் ஓடி வரும் இந்த நார்வேக்காரரைப் பார்த்து முயல் என்று பெயர் வைத்தார்கள். கிரீ மொழியில் முயலுக்கு வாபூஸ் என்று பெயர். அதுதான் ஆங்கிலத்தில் ஜாக்ராபிட் ஆனது.

பெயர் மட்டும் கிடைக்கவில்லை. பனிக்காட்டில் எப்படி இரவு தங்குவது, எதைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது என்று அவர்களிடம் நிறையக் கற்றுக்கொண்டார். பின்னாளில் அவர் பாதை போட்ட விதத்தில் பொறியியல் பட்டத்துக்கு எவ்வளவு பங்கு இருந்ததோ, இந்தப் பாடத்துக்கும் அவ்வளவு பங்கு இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

54 வயதில் எல்லாம் போச்சு

பிறகு சொந்தத் தொழில். மனைவி ஆலிஸ், மூன்று பிள்ளைகள். சில காலம் அமெரிக்காவின் லேக் பிளாசிட், பிறகு மோன்ட்ரியால். வசதியான வாழ்க்கைதான்.

1929-இல் பங்குச்சந்தை சரிந்தது. தொழில் படுத்துவிட்டது. அப்போது அவருக்கு 54 வயது. நம்ம ஊரில் அந்த வயதில் சிபிஎஃப் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம். அவரிடம் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

குடும்பம் மோன்ட்ரியாலை விட்டு லோரன்ஷியன் மலைப்பக்கம் போனது. சிக்கனமான வாழ்க்கை. கையில் காசு இல்லை, ஆனால் நேரம் இருந்தது. கோடரியை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்.

ரயிலோடு சேர்ந்து யோசித்த பாதை

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 1920-களின் கடைசியிலிருந்தே வார இறுதிகளில் மோன்ட்ரியாலிலிருந்து இந்த மலைகளுக்குப் பனி ரயில்கள் ஓடின. ஸ்கீ கட்டைகளோடு கூட்டம் கூட்டமாக நகரத்து மக்கள் வந்து இறங்குவார்கள். மலை ஊர்களில் சின்னச் சின்ன விடுதிகள் முளைத்தன. விவசாயத்துக்கு அவ்வளவாக லாயக்கில்லாத மண். அந்த ஊர்களுக்குப் பனிக்காலம் ஒரு புது வருமானம்.

யோஹான்சென் அமைத்த பாதைகளில் பெரியது மேப்பிள் லீஃப் பாதை. 1930-களின் முற்பாதியில் உருவானது. ஷாபிரிட்ஜிலிருந்து லபெல் வரை, ஏறக்குறைய 128 கிலோமீட்டர். ஊரையும் ஊரையும், விடுதியையும் விடுதியையும் இணைத்துக்கொண்டே போனது. ஒரு ஸ்டேஷனில் இறங்கி, காட்டுக்குள் ஸ்கீயில் போய், வேறு ஸ்டேஷனில் ரயில் ஏறி வீட்டுக்குப் போகலாம். வந்த வழியே திரும்ப வேண்டாம்.

மரத்தை வெட்டினால் பாதை வந்துவிடாது. செங்குத்தாக ஏறினால் ஸ்கீ பின்னால் வழுக்கும். அதனால் சரிவைச் சுற்றி வளைத்து ஏற வேண்டும். இறக்கத்தில் வேகம் கூடும் இடத்துக்கு முன்பே திருப்பம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேராக மரத்தில் மோத வேண்டியதுதான். வெயில் அதிகம் விழும் தெற்குச் சரிவில் பனி சீக்கிரம் உருகும், முடிந்தவரை அதைத் தவிர்க்க வேண்டும். இதெல்லாம் வரைபடத்தில் தெரியாது, நடந்து பார்த்தால்தான் தெரியும்.

ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன். கனடாவுக்கு ஸ்கீயைக் கொண்டுவந்தவரே இவர்தான் என்று இணையத்தில் சில இடங்களில் படிப்பீர்கள். அது சரியில்லை. மோன்ட்ரியால் ஸ்கீ மன்றம் 1904-லேயே தொடங்கியாச்சு. இவர் கொடுத்தது பாதைகளையும், அவற்றில் தைரியமாகப் போகலாம் என்ற நம்பிக்கையையும்.

கயிறு வந்தது, கூட்டம் அந்தப் பக்கம் போனது

அவர் பாதை வெட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே ஷாபிரிட்ஜில், ஒருவர் பழைய கார் இன்ஜினைக் கொண்டு கயிற்றைச் சுழலவிட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டால் போதும், அது உங்களை மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். வட அமெரிக்காவின் ஆரம்பகால ஸ்கீ லிஃப்ட்டுகளில் அதுவும் ஒன்று.

ஏறும் சிரமம் இல்லை, இறங்கும் ஜாலி மட்டும். கூட்டம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லவே வேண்டாம். அடுத்த சில பத்தாண்டுகளில் லிஃப்ட் வைத்த மலைகள் பெரிய வியாபாரமாயின. நெடுஞ்சாலை வந்தது, கார் வந்தது, விடுமுறை வீடுகள் வந்தன. பனி ரயில் நின்றது. மேப்பிள் லீஃப் பாதையை இங்கே ஒரு சாலை வெட்டியது, அங்கே ஒரு வீட்டு வேலி மறித்தது.

யோஹான்செனுக்கு லிஃப்ட்டே பிடிக்காது. அவர் பாட்டுக்கு ஸ்கீயில் போய்க்கொண்டிருந்தார். ஆண்டுகள் ஓடின. நெடுந்தூரப் பனிச்சறுக்கு மறுபடி பிரபலமானபோது அவர் 90 வயதைத் தாண்டியிருந்தார்.

1967-இல் கனடிய ஸ்கீ மாரத்தான் தொடங்கியது. இரண்டு நாளில் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். முதுகில் மூட்டையோடு போய், இரவு பனியிலேயே தூங்கி எழுந்து, மறுநாள் மீதியை முடிக்கும் ஒரு பிரிவும் அதில் உண்டு. அந்த மாரத்தானின் முகமாகவே ஆகிவிட்டார் இந்தத் தாத்தா. 1972-இல் நாட்டின் உயரிய கௌரவங்களில் ஒன்றான ஆர்டர் ஆஃப் கனடா கிடைத்தது. கனடாவில் பிள்ளைகளுக்கு ஸ்கீ கற்றுத் தரும் திட்டத்துக்கும் ஜாக்ராபிட் என்றே பெயர்.

100 வயதைத் தாண்டியும் ஸ்கீ செய்தார். 1987 ஜனவரியில், சொந்த நாடான நார்வேயில் இறந்தார். வயது 111. லோரன்ஷியன் மலை ஊரான சான்-சொவரில் மனைவியின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பாதைக்கு என்ன ஆச்சு?

அவரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் அந்த 111 வயதைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகின்றன. பாதையின் கதை அதற்குப் பிறகும் ஓடுகிறது.

அந்தப் பழைய ரயில் தடம் இருந்ததே, தண்டவாளத்தை எடுத்துவிட்டு 1996-இல் அதை நீளமான பூங்காவாகத் திறந்தார்கள். பெயர் பெத்தி த்ரான் டியு நோர். வடக்கே போகும் குட்டி ரயில் என்று அர்த்தம். 200 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கோடையில் சைக்கிள், குளிர்காலத்தில் தெற்குப் பகுதியில் ஸ்கீ. சிங்கப்பூரில் தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் ரயில் தடம் இருக்கிறது, இல்லையா? அதில் சைக்கிள் ஓட்டியிருந்தால் உங்களுக்கு உடனே புரியும். ஓடாத ரயிலின் சரிவு காலுக்கு ரொம்ப இதமானது.

ஆனால் ரயில் தடம் பொதுச் சொத்து. காட்டுப் பாதைகள் அப்படி இல்லை. அவற்றில் நிறைய தனியார் நிலத்தின் வழியாகப் போகின்றன. 1930-களில் விவசாயி தலையாட்டினால் போதும், பாதை போடலாம். எழுத்தில் ஒன்றும் இருக்காது. நிலம் கைமாறும்போது புது உரிமையாளர் வேலி போட்டால், 80 ஆண்டு பழைய பாதையும் அன்றோடு முடிந்தது. அவர் செய்வது தப்பு என்றும் சொல்ல முடியாது, அது அவருடைய நிலம்.

அதனால்தான் சில ஊராட்சிகள் நிலத்தை வாங்குகின்றன. சில இடங்களில் உரிமையாளர்களோடு எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் போடுகிறார்கள். வால்-டேவிட், வால்-மொரன் ஆகிய இரண்டு ஊர்களும் சேர்ந்து ஒரு வட்டாரப் பூங்காவையே வைத்திருக்கின்றன. பனிக்காலத்தில் ஸ்கீ, மற்ற மாதங்களில் மலை நடை, மலை சைக்கிள், பாறை ஏற்றம். குளிர்காலத்தின் நடுவிலேயே பனி உருகி மழை பெய்யும் ஆண்டுகளில், ஸ்கீயை மட்டும் நம்பி ஒரு பாதையைக் காப்பாற்றுவது கஷ்டம். வருடம் முழுக்க யாராவது நடந்துகொண்டே இருந்தால்தான் அந்த நிலத்துக்கு ஊர் காசு செலவழிக்கும்.

மேப்பிள் லீஃப் பாதை முழுசாக இன்று இல்லை. துண்டு துண்டாக இருக்கிறது. இலையுதிர் காலம் முடிவதற்குள் தன்னார்வலர்கள் ரம்பத்தோடு காட்டுக்குள் போகிறார்கள். முதல் பனி மூடுவதற்குள், குறுக்கே விழுந்து கிடக்கும் மரங்களை அறுத்து அகற்ற வேண்டும்.