ஓட்டோ லோவி: துரத்தப்பட்டவர் விட்டுச் சென்ற கொடை

கரம்பொன்னிலும் ஏனைய தீவகக் கிராமங்களிலும் வீடு தேடி வந்தவரை வெற்றிலைத் தட்டம் வைத்து உபசரிப்பது பழைய வழக்கம். முஸ்லிம் மக்களின் திருமண வீடுகளிலும் வெற்றிலைக்கு இடமுண்டு. பாக்கை மெல்லத் தொடங்கியதும் வாயில் நீர் ஊறிப் பெருகுகிறது. ஊமத்தங்காயைத் தவறுதலாக உண்டவருக்கோ நாவும் தொண்டையும் வரண்டு போகின்றன. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருளும் ஊமத்தையிலுள்ள அத்திரோப்பினும் ஒரே பூட்டின் மீதே செயற்படுகின்றன. முன்னது அதனைத் திறக்கிறது; பின்னது அடைத்துவிடுகிறது. அந்தப் பூட்டைத் திறப்பதற்கு உடலே ஒரு திறவுகோலை ஆக்குகிறது என்று நிறுவியவர் ஓட்டோ லோவி.

ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில், யூத குடும்பமொன்றில், திராட்சை மது வணிகர் ஒருவரின் மகனாக 1873 ஜூன் 3 ஆம் திகதி லோவி பிறந்தார். கலை வரலாறு கற்கவே அவர் விரும்பினார். பெற்றோர் விருப்பத்துக்கு இணங்கி மருத்துவம் கற்றார். காசநோயாலும் நிமோனியாவாலும் நோயாளர்கள் சிகிச்சையின்றி மடிவதைக் கண்டு மனம் வெதும்பி, மருந்தியல் ஆய்வின் பக்கம் திரும்பினார். 1909 இல் ஒஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அந்நகரே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவரது இல்லமாயிற்று.

நரம்பு தன் கட்டளையை உறுப்புக்கு எவ்வாறு சேர்ப்பிக்கிறது என்ற கேள்விக்கு அக்காலத்தில் பலர் கூறிய விடை மின்சாரம் என்பதே. ஓர் இரவு லோவி கனவிலிருந்து விழித்து, தோன்றிய எண்ணத்தைத் துண்டுத் தாளில் கிறுக்கி வைத்துவிட்டு உறங்கினார். காலையில் அந்த எழுத்தை அவராலேயே வாசிக்க முடியவில்லை. மறுநாள் இரவு மூன்று மணியளவில் அதே எண்ணம் திரும்பவும் தோன்றியது. இம்முறை அவர் காத்திருக்கவில்லை. நேரே ஆய்வுகூடத்துக்குச் சென்றார்.

இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். முதலாவதன் நரம்பைத் தூண்டவே அதன் துடிப்பு தளர்ந்தது. அந்த இதயத்தில் நிறைந்திருந்த உப்புக் கரைசலை நரம்பு தூண்டப்படாத மற்றைய இதயத்துக்கு மாற்றினார். அதுவும் தளர்ந்தது. நரம்பு ஓர் இரசாயனப் பொருளை வெளியிடுகிறது என்பது இவ்வாறு புலனாயிற்று. 1921 இல் இவ்வாய்வு வெளியாயிற்று. அப்பொருள் அசற்றைல்கோலீனே என்பது பின்னர் தெளிந்தது. உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் செல்லும் நரம்பும் இதனையே வெளியிடுகிறது என 1930 களில் வேறு ஆய்வாளர் காட்டினர். 1936 ஆம் ஆண்டின் நோபல் பரிசு லோவிக்கும் அவரது நண்பரான ஆங்கிலேய விஞ்ஞானி ஹென்றி டேலுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இரண்டே ஆண்டுகளில் அந்தப் பெருமை அவரைக் காக்க வலுவற்றதாயிற்று. 1938 மார்ச்சில் நாசிகள் ஒஸ்திரியாவைக் கைப்பற்றிய இரவிலேயே ஆயுதம் தாங்கியோர் அவரது படுக்கையறைக்குள் புகுந்தனர். அவரும் மகன்மார் இருவரும் சிறையில் அடைக்கப்பட்டனர். யூதர் என்பதைத் தவிர அவர்கள்மீது வேறு குற்றமில்லை. கொல்லப்படுவோம் என்றஞ்சிய லோவி, காவலரிடம் ஓர் அஞ்சலட்டையைக் கேட்டுப் பெற்று, இன்னும் வெளியிடப்படாத தம் ஆய்வின் முடிவை அதில் எழுதி அறிவியல் இதழொன்றுக்கு அனுப்பினார். அதன் பின்னரே அவர் மனம் ஆறியது.

இரு மாதங்களில் விடுதலை கிடைத்தது. ஆயினும் நாட்டைவிட்டு வெளியேற விலை கேட்கப்பட்டது. சுவீடன் வங்கியிலிருந்த நோபல் பரிசுப் பணத்தை நாசிகளின் வங்கிக்கு மாற்றிக் கொடுத்த பின்னரே அவர் செல்ல முடிந்தது. மனைவியோ சொத்து விவகாரத்துக்காகத் தடுத்து வைக்கப்பட்டு, 1941 இலேயே அவரை வந்தடைந்தார். இலண்டன், பிரசல்ஸ், ஒக்ஸ்போர்ட் என அலைந்த லோவி 1940 இல் நியூயோர்க்கை அடைந்தார். அறுபத்தேழு வயதில் புது நாட்டில் மீண்டும் கற்பிக்கத் தொடங்கி, 1961 டிசம்பர் 25 ஆம் திகதி அங்கேயே காலமானார்.

அவர் தொடக்கிவைத்த அறிவு அவருக்குப் பின்னும் வளர்ந்தது. அசற்றைல்கோலீனை ஏற்கும் மஸ்கரினிக் வாங்கிகள் ஐந்து வகை என்பது 1980 களில் தெரியவந்தது. இதயத்திலுள்ள இரண்டாம் வகை துடிப்பைத் தளர்த்துகிறது. உமிழ்நீர்ச் சுரப்பியில் மூன்றாம் வகையே முதன்மையானது. முதலாம் வகை அதற்குத் துணை நிற்கிறது. இவை தூண்டப்படும்போது கலத்தினுள் கல்சியம் உயர்கிறது. குளோரைட்டுக் கால்வாய்கள் திறக்கின்றன. உப்பைத் தொடர்ந்து நீரும் வெளிவந்து உமிழ்நீராகிறது. தூது ஒன்றே, பெறும் இடத்துக்கேற்பப் பொருள் வேறு.

இது ஏட்டறிவு மட்டுமன்று. பாக்கு வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் உறுதிப்படுத்தியது. அந்நோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவோரில் பலரின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் நலிந்து, உணவை விழுங்குவதே பெரும்பாடாகிறது. எஞ்சிய சுரப்பிக் கலங்களைத் தூண்டப் பைலோகார்ப்பின் என்ற மருந்து பயன்படுகிறது. அது திறப்பதும் அதே பூட்டைத்தான்.

ஒரே இரவில் வீடிழப்பது எத்தகையது என்பதை நம் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1990 ஓகஸ்டில் இராணுவ நடவடிக்கையால் தீவக மக்கள் ஊர்களை விட்டு ஓடினர். அதே ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால், உடைமைகளைக் கைவிடச் செய்து வெளியேற்றப்பட்டனர். அவர்களிடையே ஆசிரியர்களும் மாணவர்களும் தொழில் வல்லாரும் இருந்தனர். பிறப்பைக் குற்றமாக்கி ஒருவரைத் துரத்தும் சமூகம் அவரது பணத்தைப் பறிக்கலாம். அவரது அறிவையோ தானே இழக்கிறது. கிராஸ் இழந்ததை நியூயோர்க் பெற்றது. நாம் இழந்தவையும் ஏராளம்.