வாய்க்காலில் படகு விட விரும்பிய பொறியாளர்

தாமிரபரணித் தாயின் மடியில் வளர்கிறவர்கள் நாம். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் இந்த ஆற்றை எட்டு அணைக்கட்டுகள் மறித்து, வாய்க்கால்களாகப் பிரித்து வயல்களுக்கு அனுப்புகின்றன. நெல்லைக் கால்வாயும் பாளையங்கால்வாயும் நம் தெருக்களை ஒட்டியே ஓடுகின்றன. வாய்க்கால் என்றால் பயிருக்கு நீர் தருவது, குளிக்கவும் துணி துவைக்கவும் உதவுவது என்றே நாம் அறிந்திருக்கிறோம். அதில் படகேறி ஊர் ஊராகப் போய் வரலாம் என்று யாராவது சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் பிரான்ஸ் நாட்டில் அது அன்றாடக் காட்சி. அங்கே துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல்வரை 240 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் ஓடுகிறது. உப்பு வரி வசூலிக்கும் பொறுப்பில் இருந்த பியேர் போல் ரிக்கே என்பவர் தம் செல்வத்தையெல்லாம் கொட்டி அதை வெட்டினார். 1681இல் கால்வாய் திறக்கப்பட்டபோது அதைக் காண அவர் உயிரோடு இல்லை. முந்திய ஆண்டே மறைந்துவிட்டார். சரக்குப் படகுகளின் காலம் போய்விட்டது. இப்பொழுது விடுமுறையில் குடும்பத்தோடு வருகிறவர்கள் படகை வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து உண்டு உறங்கி, திராட்சைத் தோட்டங்களையும் சிற்றூர்களையும் பார்த்தபடி மெல்ல மெல்லச் செல்கிறார்கள். மணிக்கு எட்டு கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்பது அங்கே விதி. அவசரம் என்ற சொல்லுக்கு அந்தக் கால்வாயில் இடமில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய நீர்வழிகள் வேண்டுமென்று ஆயுள் முழுவதும் வாதாடிய ஒருவர் இருந்தார். அவர்தான் சர் ஆர்தர் காட்டன்.

காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். பதினொரு சகோதரர்களில் ஒருவர். பதினைந்தாம் வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் இராணுவக் கல்லூரியில் சேர்ந்து பொறியியல் கற்றார். 1821இல் சென்னை வந்து இறங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. அடுத்த ஆண்டே ஏரி குளங்களைக் கவனிக்கும் துறையின் தென்பிரிவில் உதவிப் பொறியாளர் ஆனார். தஞ்சை, திருச்சி, மதுரை, கோவை ஆகியவற்றோடு நம் திருநெல்வேலியும் அந்தப் பிரிவில் அடங்கியிருந்தது. பாம்பன் கால்வாயை அளந்து ஆராயும் பணியும் அவருக்குக் கிடைத்தது. பிறகு பர்மாப் போருக்குச் சென்று திரும்பினார்.

அந்நாளில் காவிரிக்கு ஒரு பெருந்துன்பம் நேர்ந்திருந்தது. வெள்ளமெல்லாம் தாழ்வான கொள்ளிடத்தில் பாய்ந்தோட, காவிரி மணல் மேடிட்டு வறண்டுகொண்டிருந்தது. தஞ்சை வயல்கள் நீரின்றி வாடின. இதற்கு வழி காணும் பொறுப்பு 1828இல் காட்டனிடம் வந்தது. அவர் முதலில் போய்ப் பார்த்தது கல்லணையை. மணற்படுகையில் எப்படி அணை நிற்கும் என்று ஐரோப்பியப் பொறியாளர்கள் திகைத்திருந்த காலம் அது. பெருங்கற்களை மணலில் இட்டு, அவை புதைந்து புதைந்து ஓரிடத்தில் உறுதிப்பட்டபின் அவற்றின்மேல் கட்டும் முறையைப் பழந்தமிழர் கையாண்டிருப்பதைக் கண்டு அவர் வியந்தார். தாம் கற்ற கல்வியோடு நம் முன்னோரின் கைவேலையையும் கற்றுக்கொண்டார். 1836இல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. காவிரிக்கு நீர் திரும்பியது. அந்த மேலணை 182 ஆண்டுகள் உழைத்து, 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் ஒரு பகுதி உடைந்தது. அதன்பின் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது.

அடுத்து அவர் கோதாவரிக் கரைக்குச் சென்றார். 1833இல் தெலுங்கு மாவட்டங்களில் நேர்ந்த கொடும் பஞ்சத்தில் மக்கள் கூட்டங்கூட்டமாக மடிந்திருந்தனர். பெருகி ஓடும் ஆற்றின் அருகிலேயே மக்கள் பட்டினியால் சாவதைக் காட்டனால் பொறுக்க முடியவில்லை. அணை கட்டக் கம்பெனியிடம் அனுமதி கேட்டார். கம்பெனியின் கண்ணோ வரி வருமானத்தின் மேல்தான் இருந்தது. ஆகவே, போட்ட பணம் இலாபத்தோடு திரும்பும் என்று கணக்கிட்டுக் காட்டியே அவர் அனுமதி பெற வேண்டியிருந்தது. 1847இல் தவளேசுவரத்தில் தொடங்கிய வேலை 1852இல் முடிந்தது. இடையில் காய்ச்சல் பலமுறை அவரைப் படுக்கையில் தள்ளியும் அவர் சோரவில்லை.

இங்கேதான் காட்டனின் தனிச்சிறப்பைக் காண்கிறோம். கோதாவரி அணையிலிருந்து பிரிந்த பெரிய கால்வாய்களை அவர் பாசனத்துக்கு மட்டும் வெட்டவில்லை. படகுகளும் செல்லும்படி அகலமாக அமைத்தார். நிலம் தாழும் இடங்களில் இரண்டு கதவுகளுக்கு இடையே படகை நிறுத்தி, நீரை ஏற்றியோ இறக்கியோ படகை மறுபுறம் அனுப்பும் 'லாக்' அமைப்புகள் கட்டப்பட்டன. ஒரே நீர் வயலையும் நனைக்கும், மூட்டையையும் சுமக்கும். நெல், உப்பு, விறகு போன்ற சரக்குகளுக்கு வேகம் தேவையில்லை, கூலி குறைவாக இருந்தால் போதும் என்பது அவர் கணக்கு. பின்னாளில் கோதாவரிக் கால்வாய்களும் கிருஷ்ணைக் கால்வாய்களும் சென்னைப் பக்கிங்காம் கால்வாயும் ஒன்றோடொன்று இணைந்தன. காக்கிநாடாவில் புறப்பட்ட படகு சென்னையைக் கடந்து மரக்காணம்வரை வர முடிந்தது. பாவேந்தர் பாரதிதாசன் நண்பர்களோடு பக்கிங்காம் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் சென்றதைத் தம் பாட்டிலே பதிந்து வைத்திருக்கிறார்.

இந்தியப் பேராறுகளையெல்லாம் இப்படி இணைக்க வேண்டும் என்று காட்டன் திட்டம் தீட்டினார். ஆனால் அது இரயில் காலம். இங்கிலாந்தின் பணமும் செல்வாக்கும் தண்டவாளத்தின் பக்கம் நின்றன. அவருடைய யோசனைப்படி ஒரு தனியார் கம்பெனி வெட்டிய கர்நூல் - கடப்பைக் கால்வாயும் செலவு மிஞ்சி நொடித்துப்போக, 1882இல் அரசு அதை விலைக்கு வாங்கிக்கொண்டது. கோடையில் பயிருக்கே நீர் போதாதபோது படகுக்கு எங்கே போவது என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள்; அக்கேள்வியிலும் நியாயம் இருந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. எழுபத்தைந்து வயது முதியவரான காட்டன் 1878இல் இலண்டனில் பாராளுமன்றக் குழுவின் முன் நின்று, கால்வாய்களே மக்களைக் காக்கும் என்று மீண்டும் வாதாடினார். அவர் கருத்து ஏற்கப்படவில்லை.

தோற்றவர் முடங்கிவிடவில்லை. டார்க்கிங் என்னும் ஊரில் குடியிருந்து, நிலத்தை ஆழமாகக் கிளறிக் கோதுமை விளைச்சலைப் பெருக்கும் சோதனைகளில் ஈடுபட்டார். 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், தமது தொண்ணூற்றாறாம் வயதில் அமைதியாகக் கண்மூடினார். இன்றும் கோதாவரி மக்கள் அவரைத் தெய்வமாக நினைக்கிறார்கள். தவளேசுவரத்தில் பின்னாளில் எழுந்த புதிய அணைக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

அவருடைய நீர்வழிகள் என்ன ஆயின? பக்கிங்காம் கால்வாயில் படகுகள் மறைந்தன. சென்னையில் அது சாக்கடையாகிக் கிடக்கிறது. 2008இல் காக்கிநாடா - புதுச்சேரிக் கால்வாயை நான்காவது தேசிய நீர்வழியின் பகுதியாக அரசு அறிவித்தபோது, அவர் கேட்டது காலங்கடந்து நம் வாயிலிருந்தே வந்தது.

அன்புத் தோழியரே, தாமிரபரணி வாய்க்கால்கள் படகுக்கு ஏற்றவையல்ல; குறுகியவை, நீர் அடைக்கப்படும் மாதங்களும் உண்டு. எனினும் காட்டனின் வாழ்க்கையில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பிரான்ஸ் நாட்டார் தம் பழைய கால்வாயைத் தூர்ந்துபோக விடவில்லை. ஆகவேதான் சரக்கு போனபின்னும் அதில் படகு ஓடுகிறது. நம் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியான திருவைகுண்டம் மட்டுமே ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முன்பே நம் மண்ணில் நின்றவை. இருந்தும் அவற்றின் வாய்க்கால்களில் ஆகாயத்தாமரையும் குப்பையும் மண்டக் காண்கிறோம். கடல் கடந்து வந்த ஒருவர் நம் முன்னோரின் அணையை மண்டியிட்டுப் படித்தார் என்றால், அதன் பயனை அன்றாடம் நுகரும் நாம் அதில் ஒரு குப்பையேனும் எறியாதிருக்க வேண்டாமா?