அட்டைத் தலைக்கவசம் போட்ட ஹீரோ

ஹீரோ என்ட்ரி ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஸ்லோ மோஷன், காற்றில் பறக்கும் முடி, பின்னாடி அதிரும் பிஜிஎம். இப்போது அந்த ஹீரோவுக்கு 50 வயசு, உடம்பு ஒல்லி, குதிரை எலும்பும் தோலும், தலைக்கவசத்தில் பாதி அட்டை என்று வையுங்கள். சிரிப்பு வருதா? 1605-இல் ஸ்பெயின் நாடே இப்படித்தான் சிரித்தது. அந்த ஹீரோவின் பெயர் டான் குயிக்ஸாட். எழுதியவர் மிகேல் தெ செர்வான்டிஸ்.

ஸ்கூலில் நான் படித்த சுருக்கப் பதிப்பில் காற்றாலையோடு சண்டை போடும் காட்சி மட்டும்தான் நினைவில் நின்றது. போன செமஸ்டர் லீவில் முழுசாகப் படித்தபோதுதான் எழுதியவரின் வாழ்க்கையையும் தேடிப் படித்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

செர்வான்டிஸ் 1547-இல் மாட்ரிட் பக்கத்தில் உள்ள அல்கலா தெ எனாரெஸ் ஊரில் பிறந்தார். அப்பா நாவிதரும் மருத்துவரும் கலந்த ஒரு தொழில் செய்தவர். காயத்துக்குக் கட்டுப் போடுவார், எலும்பு முறிந்தால் சேர்த்துக் கட்டுவார். பெரிய வருமானம் இல்லை. இருபதுகளின் தொடக்கத்தில் செர்வான்டிஸ் இத்தாலி போய்ப் படையில் சேர்ந்தார். 1571 அக்டோபர் 7, லெபாண்டோ கடற்போர். அன்றைக்கு அவருக்குக் கடுமையான காய்ச்சல். கீழே படுத்திரு என்று சொன்னார்கள். கேட்கவில்லை, மேலே வந்து சண்டை போட்டார். மார்பில் இரண்டு குண்டு, இடது கையில் ஒன்று. உயிர் தப்பியது, இடது கை மட்டும் கடைசி வரை வேலைக்கு உதவவில்லை.

கவனியுங்கள், இவர் நிஜ ஹீரோ. சினிமாவாக இருந்தால் அடுத்த சீனில் ராஜா கூப்பிட்டு மாலை போட்டிருப்பார். நடந்தது வேறு. 1575-இல் ஊர் திரும்பும் வழியில் கடற்கொள்ளையர்கள் அவருடைய கப்பலைப் பிடித்து, அவரை அல்ஜியர்ஸுக்குக் கொண்டுபோனார்கள். அவர் பையில் பெரிய தளபதிகள் கொடுத்த சிபாரிசுக் கடிதங்கள் இருந்தன. நாம் எம்.எஸ். படிக்க வாங்குவோமே எல்.ஓ.ஆர்., அது மாதிரிதான். அதைப் பார்த்து இவன் பெரிய இடத்துப் பிள்ளை போல என்று நினைத்து மீட்புத் தொகையை ஏற்றிவிட்டார்கள்! ஐந்து வருடம் சிறை. நான்கு முறை தப்பிக்கப் பார்த்தார், நான்கும் தோல்வி. 1580-இல் 500 பொற்காசு கொடுத்து, அதிலும் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கிளம்ப இருந்த கப்பலிலிருந்து, துறவிகள் அவரை மீட்டார்கள்.

ஊரில் அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை. எழுதிய நாடகங்கள் வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தவில்லை. 1587 முதல் கடற்படைக்காகக் கிராமம் கிராமமாகப் போய்த் தானியமும் எண்ணெயும் வசூலிக்கும் வேலை. 1590-இல் அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒரு பதவி கேட்டு விண்ணப்பித்தார், ரிஜெக்ட். பிறகு வரி வசூல். வசூலித்த பணத்தை ஒரு வங்கிக்காரரிடம் போட, அந்த ஆள் திவால். கணக்கு உதைக்க, 1597-இல் செவில் நகரச் சிறைக்குள் போனார். நாவலின் விதை ஒரு சிறையில்தான் விழுந்தது என்று முன்னுரையில் அவரே கோடி காட்டுகிறார்.

அந்தக் காலத்து ஸ்பெயினில் மாவீரர் கதைகள்தான் சூப்பர் ஹிட். ஒரே வீரன் ஒரு படையையே வெட்டுவான், அரக்கனைக் கொல்வான், இளவரசிக்காக உருகுவான். 'அமாடிஸ் தெ கௌலா' மாதிரிப் புத்தகங்களைப் படித்தே மூளை குழம்பிப் போன கிராமத்து ஆள்தான் நம்ம ஹீரோ. அட்டை வைத்துத் தலைக்கவசம் செய்கிறார். வாளால் ஒரு வெட்டு வெட்டி டெஸ்ட் பண்ணுகிறார். ஒரு வார உழைப்பு போச்சு. உள்ளே இரும்புப் பட்டை வைத்து மறுபடி செய்கிறார். இந்தத் தடவை டெஸ்ட் பண்ணவே இல்லை. ப்ராஜெக்ட் டெமோவுக்கு முந்தின ராத்திரி நாம் செய்வதை 400 வருஷம் முன்னாடியே எழுதி வைத்திருக்கிறார் மனிதர்.

என்னை நிறுத்திய காட்சி வேறொன்று. ஓர் இடத்தில் மேய்ப்பன் பையன் ஒருவனை மரத்தில் கட்டி வைத்து முதலாளி அடிக்கிறான். குயிக்ஸாட் பாய்ந்து போய்த் தடுக்கிறார், பாக்கிச் சம்பளத்தைக் கொடுப்பதாகச் சத்தியம் வாங்குகிறார், கம்பீரமாகக் கிளம்புகிறார். வழக்கமான கதை அங்கே முடிந்துவிடும். செர்வான்டிஸ் முடிக்கவில்லை. ஹீரோ தலை மறைந்ததும் முதலாளி பையனை மறுபடி கட்டி இன்னும் மோசமாக அடிக்கிறான். பின்னால் ஒருநாள் அதே பையன் குயிக்ஸாட்டைச் சந்திக்கிறான். என்னைத் துண்டு துண்டாக வெட்டினாலும் தயவுசெய்து காப்பாற்ற வராதீர்கள் என்று கெஞ்சுகிறான்.

ஹீரோ போன பிறகு அந்த இடத்தில் என்ன நடக்கும்? இந்தக் கேள்வியை மாவீரர் கதைகள் கேட்டதே இல்லை. லெபாண்டோ வெற்றிக்குப் பிறகு ஒற்றைக் கையோடு வேலை தேடி அலைந்தவருக்குத்தான் அதைக் கேட்கத் தோன்றியிருக்கிறது.

1605-இல் முதல் பாகம் வந்தபோது செர்வான்டிஸுக்கு வயது 57. அந்த வருடமே திருட்டுப் பதிப்புகள் வரும் அளவுக்கு ஹிட். உரிமையைப் பதிப்பாளருக்கு விற்றுவிட்டதால் காசு மட்டும் பெரிதாகச் சேரவில்லை. புத்தகத்தில் ஒரு 'பக்'கும் இருந்தது: உதவியாளர் சான்ச்சோவின் கழுதை திருடு போகிறது, ஆனால் கொஞ்ச நேரத்தில் அவன் அதே கழுதை மேல் போய்க்கொண்டிருக்கிறான்.

1614-இல் அவெயானெடா என்ற புனைபெயரில் யாரோ ஒரு போலி இரண்டாம் பாகம் வெளியிட்டார்கள். செர்வான்டிஸ் 1615-இல் தன் இரண்டாம் பாகத்தோடு வந்தார். அதில் வருகிறவர்கள் முதல் பாகத்தைப் படித்திருக்கிறார்கள்! கழுதை விஷயத்தைக்கூடக் கேட்கிறார்கள். போலிக் கதையின் ஹீரோ சரகோசா போனான் என்பதற்காகவே நிஜக் குயிக்ஸாட் அங்கே போகாமல் பார்சிலோனா போகிறார். புத்தகம் படித்த ஒரு கோமகனும் அவர் மனைவியும் பொழுதுபோக்குக்காக அவரைக் கூப்பிட்டு வைத்துக் கேலி செய்கிறார்கள். அந்தப் பக்கங்களில் எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. முதல் பாகம் முழுக்க நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்?

கடைசியில் குயிக்ஸாட் தோற்று வீடு திரும்புகிறார், புத்தி தெளிகிறது, படுக்கையில் சாகிறார். எப்போதும் நடைமுறை பேசும் சான்ச்சோதான் அழுதுகொண்டே, எழுந்திருங்கள், மறுபடி கிளம்பலாம் என்கிறான்.

செர்வான்டிஸ் 1616 ஏப்ரல் 22-இல் மாட்ரிட்டில் இறந்தார். அடக்கம் செய்த கன்னிமடத்தில் எந்த இடம் என்பதே மறந்துபோய், 2015-இல்தான் அவருடையதாக இருக்கலாம் என்று சில எலும்புகளை அடையாளம் கண்டார்கள்.

இது ப்ளேஸ்மென்ட் சீசன். செமினார் ஹாலில் நமக்கும் மாவீரர் கதைகள் சொல்லப்படுகின்றன: ஒரே ஆள், ஒரே ஐடியா, நேராக வெற்றி. கேளுங்கள், கைதட்டுங்கள், தப்பில்லை. ஆனால் கட்டி வைக்கப்பட்ட அந்தப் பையனுக்கு அப்புறம் என்ன ஆச்சு என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அட்டைத் தலைக்கவசத்தை மாட்டும் முன் இன்னொரு தடவை டெஸ்ட்டும் பண்ணிவிடுங்கள்.