பட்டறைப் பையன்களுக்குப் பத்திரம் எழுதிய பாதிரியார்

தமிழகத்தின் பல ஊர்களில் பள்ளிக்கூடங்கள், தொழிற்பயிற்சி நிலையங்களின் வாசலில் டான் போஸ்கோ என்ற பெயரைப் பார்க்கிறோம். நம் பிள்ளைகள் பலர் அங்கே தொழில் பழகி வெளியே வந்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் யார், எதற்காகப் பட்டறை தொடங்கினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஜனவரி 31 அவரது நினைவு நாள். அவரைப் புனிதராக வணங்குவோர் வணங்கட்டும். கூலிக்குப் போகும் பிள்ளைகளின் பக்கம் நின்ற மனிதராக நாம் அவரைப் பார்ப்போம்.

வட இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியில், பெக்கி என்ற குக்கிராமத்தில் 1815 ஆகஸ்ட் 16 அன்று ஜான் போஸ்கோ பிறந்தார். இரண்டு வயது நிறையும் முன்பே தந்தை இறந்தார். எழுதப் படிக்கத் தெரியாத தாய் மார்கரீத்தா, மூத்த தாரத்து மகனையும் சேர்த்து மூன்று பையன்களை வளர்த்தார். மூத்தவர் அந்தோனியோவுக்குத் தம்பியின் கையில் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. வயலில் உழைப்பவனுக்குப் படிப்பு எதற்கு என்பது அவர் எண்ணம். வீட்டில் சண்டை முற்றவே, 12 வயதில் ஜான் வேறொரு பண்ணைக்கு வேலைக்காரப் பையனாகப் போனார். பிறகு கியேரி நகரில் படித்தபோது, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் காப்பிக் கடை வேலை வரை செய்தார். தையல், கொல்லு வேலை, தச்சு, செருப்பு வேலை எல்லாம் இளமையில் கையால் பழகியவை.

1841 ஜூனில் குருவானவர், டூரின் நகரில் சிறைகளுக்குப் போய்வரத் தொடங்கினார். அங்கே அவரை உலுக்கியது பிள்ளைகளின் முகங்கள்தான். 12 முதல் 18 வயது வரையிலான பையன்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். விடுதலையானவர்களும் போக்கிடம் இல்லாமல் மீண்டும் உள்ளே வந்தார்கள். வெளியிலும் நிலைமை மோசம். கிராமங்களிலிருந்து பிழைக்க வந்த சிறுவர்கள் செங்கல் சுமந்தார்கள், புகைக்கூண்டு துடைத்தார்கள், தெருவில் தூங்கினார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் 8 அன்று ஓர் ஆலயத்தில் கோயில்பிள்ளை ஒரு பையனை அடித்து விரட்டினார். போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்தார். பெயர் பர்த்தொலோமேயோ கரெல்லி. 16 வயது, தாய் தந்தை இல்லை, கொத்து வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. அவனோடு தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பையன்களாகப் பெருகியது. கூச்சல் தாங்கவில்லை என்று அக்கம்பக்கத்தார் புகார் செய்ய, இடம் இடமாக மாறினார்கள். 1846இல் வால்தோக்கோ என்ற ஒதுக்குப்புறப் பகுதியில் ஒரு கொட்டகை வாடகைக்குக் கிடைத்தது. தாய் மார்கரீத்தாவும் ஊரைவிட்டு வந்து, 1856இல் இறக்கும்வரை அந்தப் பையன்களுக்குச் சமைத்துப் போட்டு, துணி தைத்துக் கொடுத்தார்.

பையன்களுக்கு வேலை தேடிக் கொடுத்த போஸ்கோ, வேலை செய்யும் இடத்துக்கும் போய்ப் பார்த்தார். முதலாளி அடிக்கிறாரா, ஞாயிறு ஓய்வு தருகிறாரா என்று விசாரித்தார். வாய்ப்பேச்சு போதாது என்று கண்டபோது முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினார். 1852 பிப்ரவரியில் ஒரு தச்சு முதலாளியுடன் எழுதிய பத்திரம் இன்றும் இருக்கிறது. முதலாளி, வேலை பழகும் பையன், அவன் தந்தை, போஸ்கோ ஆகியோர் அதில் கையொப்பமிட்டார்கள். பையனுக்குத் தொழிலைக் கற்றுத்தர வேண்டும், தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது. தவறு செய்தால் வாயால் திருத்தலாம், கை ஓங்கக் கூடாது. கூலி படிப்படியாக உயர வேண்டும், ஆண்டுக்கு 15 நாள் விடுப்பு வேண்டும்.

இதை நம் ஊர் நிலைமையோடு வைத்துப் பாருங்கள். மெக்கானிக் ஷெட்டில் சேர்த்துவிட்ட நம் பையன் முதல் ஆண்டு முழுவதும் டீ வாங்கப் போகிறான், முதலாளி வீட்டுக்குக் காய்கறி சுமக்கிறான். ஸ்பானர் எப்போது கைக்கு வரும் என்று தெரியாது. அடி விழுந்தாலும், சாதியைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கேட்க ஆளில்லை. கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

வெளிப் பட்டறைகளின் சூழல் பையன்களைக் கெடுக்கிறது என்று கண்ட போஸ்கோ, 1853இல் தன் இல்லத்திலேயே பட்டறைகளைத் தொடங்கினார். முதலில் செருப்பு வேலையும் தையலும். பிறகு புத்தகக் கட்டு, தச்சு, அச்சகம், கொல்லுப் பட்டறை. செருப்புப் பட்டறையில் பாதிரியாரே உட்கார்ந்து தோலைத் தைத்துக் காட்டினார். தோலைத் தொட்டவரை ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம் நம்முடையது. பீடத்தில் பூசை செய்த கை அதே நாளில் செருப்பும் தைத்தது என்பதை நாம் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பையன்களின் வறுமையைக் கண்ட அவர், அதை உண்டாக்கிய சமூக ஏற்பாட்டை எதிர்த்து இயக்கம் நடத்தவில்லை. அவர் இல்லத்திலேயே படிப்பவர்கள் ஒரு பிரிவு, தொழில் பழகுபவர்கள் இன்னொரு பிரிவு. பட்டறைகளை நடத்திய, குருப்பட்டம் பெறாத சகோதரர்களைச் சிலர் தாழ்வாகப் பார்த்தார்கள். 1883இல் அந்தச் சகோதரர்களிடம் போஸ்கோவே பேசி, அவர்கள் ஏவல் ஆட்கள் அல்ல, பட்டறைகளின் பொறுப்பாளர்கள் என்று தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. 1888 ஜனவரி 31 அன்று டூரினில் இறந்தார். 1934இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

1859இல் அவர் தொடங்கிய சலேசியர் சபையினர் 1906 ஜனவரியில் தஞ்சாவூருக்கு வந்தார்கள். இந்தியாவில் அவர்களின் பணி அங்கேதான் தொடங்கியது. தொழிற்கல்வி வந்தது, ஆனால் சாதி போகவில்லை. கல்லறையிலும் சப்பரத்திலும் சாதி பார்க்கும் ஆலயங்கள் தமிழகத்தில் உண்டு. 1950 குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவ தலித்துகள் பட்டியல் சாதியினர் அல்லர். தமிழகத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நிற்கிறார்கள். ஒரே தெருவில் ஒரே இழிவைச் சுமக்கும் இரண்டு பையன்களில் கோயில் மாறியவனுக்கு மட்டும் உரிமை மறுக்கப்படுகிறது.

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் எழுத்துமூலமான ஒப்பந்தத்தையும் உதவித்தொகையையும் தருகிறது. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் இட ஒதுக்கீடு உண்டு. பிள்ளையைத் தொழிற்சாலையில் பழக விடும்போது அந்த ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்குங்கள். தெருமுனைப் பட்டறையில் சேர்த்தாலும் என்ன கற்றுத் தருவார், என்ன கூலி, என்றைக்கு விடுப்பு என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தயங்கும் பெற்றோரோடு நம் ஊர் அமைப்புகளும் துணைக்குப் போகட்டும். பையன் வேலை பழகும் இடத்துக்கு மாதம் ஒருமுறையாவது யாரேனும் போய்ப் பார்த்து வரட்டும்.