தாவரங்களுக்கு உருவளித்த றொபேட் வைற்

மன்னார்க் கடற்கரை மணலிலே அடம்பன் கொடி படர்ந்து பூத்திருப்பதை நாம் நாடோறும் காண்கின்றோம். எதிரேயுள்ள இராமேசுவரக் கரையிலும் அக்கொடியே படர்கின்றது. இடையிலுள்ள கடல் இரு கரைத் தாவரங்களையும் பிரித்துவிடவில்லை. ஆதலின், தென்னிந்தியத் தாவரங்களைப் படமாக்கி உலகுக்கு அளித்த றொபேட் வைற் என்னும் பெரியாரின் சரிதம் நமக்கும் உரியதேயாகும்.

வைற் 1796ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திற் பிறந்தவர். எடின்பரோவில் வைத்தியம் கற்று, 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தார். அவர்தம் தாவர ஆர்வத்தை அறிந்த அரசாங்கம் 1826இல் அவரை இயற்கைப்பொருள் ஆராய்ச்சியாளராக நியமித்தது. ஆனால் 1828இல் சிக்கனங் கருதி அப்பதவியே ஒழிக்கப்பட்டது. வைற் படைவைத்தியராக நாகபட்டினஞ் சென்றார். பதவி போயினும் பணி நிற்கவில்லை. ஆங்கும் செடிகளைத் தேடினார். இரங்கையா என்னும் இந்திய ஓவியரைக் கொண்டு அவற்றை வரைவித்தார். அப்படங்களைக் கிளாஸ்கோவிலிருந்த பேராசிரியர் ஹூக்கருக்கு அனுப்பினார். ஹூக்கர் அவற்றுட் சிலவற்றைத் தம் வெளியீட்டிற் பதிப்பித்தார்.

அக்காலத்து இங்கிலாந்தில் செல்வர்தம் பூந்தோட்டங்களை அணிசெய்த மலர்களே வண்ணப் படங்களாக மிகுதியும் வெளிவந்தன. செப்புத் தகட்டிற் கோடுகளைச் செதுக்கி அச்சிட்டு, ஒவ்வொரு பிரதிக்கும் கையால் வண்ணந் தீட்டுதல் வழக்கம். செலவோ பெரிது. வைற் கல்லச்சு முறையைக் கைக்கொண்டார். வழவழப்பான சுண்ணக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை நீரால் நனைத்து மை தடவினால், வரைந்த கோடுகள் மட்டுமே மையை ஏற்கும். அதன்மேற் காகிதத்தை வைத்து அழுத்தப் படம் பதியும்.

1838இல் வைற் இரு நூல்களைத் தொடங்கினார். ஒன்றில் வண்ணப் படங்கள். மற்றொன்றாகிய ‘ஐக்கோனிஸ்’ நூலில் வண்ணமற்ற கோட்டுப் படங்கள். வண்ணத்தைத் துறந்தமையால் விலை குறைந்தது, படங்கள் பெருகின. 1853இல் அந்நூல் நிறைவெய்தியபோது ஆறு தொகுதிகளில் 2101 படங்கள் அடங்கியிருந்தன. பகட்டான மலர்களேயன்றி வழியோரப் புல்லும் பூண்டும் அதில் இடம்பெற்றன. இப்பணியின் பெரும்பகுதியைக் கோயம்புத்தூரிற் பருத்தி ஆராய்ச்சியை மேற்பார்வை செய்துகொண்டே அவர் ஆற்றினார் என்பதை எண்ணி வியக்கின்றோம்.

அவர்தம் பெருமையுள் ஒன்றை நாம் சிறப்பாகப் போற்றுகின்றோம். ஐரோப்பியர் பலர் இந்திய ஓவியரின் கைத்திறனைப் பயன்கொண்டு அவர்தம் பெயரை மறைத்துவிட்டனர். வைற் அங்ஙனஞ் செய்திலர். படங்களின் அடியில் இரங்கையாவின் பெயரும், அவருக்குப் பின் வந்த கோவிந்துவின் பெயரும் பொறிக்கப்பட்டன. ஓர் ஓக்கிட் இனத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைற் சூட்டினார்.

1853இல் ஓய்வு பெற்றுத் தாயகம் மீண்ட வைற் 1872இல் இவ்வுலக வாழ்வை நீத்தார். பிற்காலத்தில் பேராதனைப் பூங்காவின் அதிபர் திரைமன் இலங்கைத் தாவரங்கள் பற்றிய பெருநூலை இயற்றியபொழுது, செடிதோறும் பார்க்கவேண்டிய படங்களைக் குறிக்குமிடத்து, வைற்றின் படங்களையும் பலகாற் சுட்டினார். இங்ஙனம் கடல் கடந்த அவ்வுழைப்பு நம் தீவுக்கும் பயன்பட்டது.

நம் கல்லூரி மாணவர் தாவரவியல் வகுப்பிற் கூர்தீட்டிய பென்சிலுடன் ஓர் இலையை வரைய அமரும்போது, இம்மூவரையும் நினைவாராக. உள்ளதை உள்ளவாறு காணுதலும், உடனுழைத்தார் பெயரை மறவாமையும் கல்வியின் பயன்களாம் என்பது எம் துணிபு.